கொடி மூடிய மண்



மறுநடவுக் காட்டைக் கடக்கும்போது நம் பிள்ளைகள் கேட்பதுண்டு: "கன்று நட்ட இடத்தில் ஏனப்பா இத்தனை கொடியை வளர விட்டிருக்கிறார்கள்?"

நியாயமான கேள்விதான். புல் தலைகாட்டினாலே வெட்டு என்று உத்தரவு போட்ட தோட்டங்களில்தான் நம் பாட்டிமார் உழைத்தார்கள். 1900களின் தொடக்கத்தில், ரப்பர் காட்டில் புல் இருப்பதே தோட்டத்துக்கு இழுக்கு என்று துரைமார் பலர் எண்ணினார்கள். நிரைக்கு நிரை மண்ணைச் சுரண்டி, வீட்டு முற்றம்போல் வைத்திருந்தோம். கூலி கிடைத்தது, மண் போய்விட்டது.

எங்கே போயிற்று? தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மேட்டுச் சரிவில், மூடாத மண்மேல் அந்த மழை அடித்தால் மேல்மண் கரைந்து ஓடையில் இறங்கும். மரத்துக்குச் சோற்றுப்பானையே அந்த மேல்மண்தான். மழை விட்டதும் ஆறு செந்நிறமாக ஓடுவதை நாம் பார்க்கிறோம் அல்லவா? ஆற்றில் மண் படிந்து ஆழம் குறைந்தால், வெள்ளம் லயத்து வாசலுக்கே வரும்.

இதைத் தடுக்கத்தான் நிரைகளுக்கு நடுவே மூடுபயிர் விதைக்கிறார்கள். 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இக்கொடிகளை நெடுங்காலம் ஆராய்ந்தது. கலோப்போகோனியம் விரைவில் படர்ந்து மண்ணை மூடும். ஆனால் நெடுநாள் நிற்காது. அது வாடும் வேளையில் புவேரேரியா தழைத்துவிடும். நிழலைத் தாங்குவது சென்ட்ரோசீமா. ஆகவேதான் மூன்றையும் கலந்து விதைக்கிறார்கள். செம்பனைக் காடுகளில் இப்போது முக்குனா என்ற கொடியும் உண்டு. அதுவும் நம் முன்னோரைப்போல் இந்தியாவிலிருந்து வந்ததுதான்.

இவையெல்லாம் அவரை இனம். ஒரு கொடியைப் பக்குவமாகப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சிறுசிறு முண்டுகள் இருக்கும். நோய் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகின்றன. லாலாங் புல் மண்டிய காட்டைவிட, இந்தக் கொடி படர்ந்த காட்டில் ரப்பர் முன்னதாகவே வெட்டுக்கு வரும்.

தொல்லையும் உண்டு, மறைப்பானேன்? கொடி இளங்கன்றின்மேல் ஏறினால் நெரித்துவிடும். கன்றைச் சுற்றி வட்டமாகச் சுத்தம் செய்வது அதற்காகத்தான். அடர்ந்த கொடிக்குள் பாம்பு கிடக்கலாம்; காலணி இல்லாமல் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

மாட்டுக்காரர்கள் நம்மீது கோபிக்கக்கூடாது. பால்மாடு இல்லாமல் பல குடும்பங்களுக்குச் செலவைச் சமாளிக்க முடியாது என்பதை அறிவோம். ஆயினும் முதல் ஆண்டில் மாட்டை அவிழ்த்துவிட்டால் கொடியும் போகும், கன்றும் போகும். சாலையோரப் புல்லை அறுத்துப் போடுங்கள்.

சொந்தமாக மூன்று நான்கு ஏக்கர் வைத்திருப்போருக்கு ஒரு செய்தி. இவ்விதைகளின் தோல் கெட்டியானது. அப்படியே தூவினால் பாதிகூட முளைக்காது. இரண்டு பங்கு கொதிநீரில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்து, விதையைப் போட்டு இரவு முழுதும் ஊறவிடுங்கள். காலையில் வடித்து, அன்றைக்கே ஈரமண்ணில் விதைத்துவிடுங்கள்.