விழுந்த பிள்ளையும் திடலுக்கு வரட்டும்

(பொன்விழாவையொட்டி நடந்த விளையாட்டு நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டில் கோயில் எழும்பிய வரலாற்றைப் பேசுவதற்குப் பலர் இருக்கிறார்கள். இன்று விளையாட்டு நாள். ஆகவே திடலில் ஓடியாடும் நம் பெண் பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

ஒரு வீட்டில் மகன் விழுந்து காலை முறித்துக்கொண்டால் என்ன சொல்கிறோம்? "கட்டுப் போட்டாயிற்று, இரண்டு மாதத்தில் ஆடப் போய்விடுவான்" என்கிறோம். மகள் விழுந்தால்? "ஆடினது போதும், நாளைக்கு ஓர் இடத்தில் கொடுக்க வேண்டாமா?" என்கிறோம். இருவருக்கும் முறிவு ஒன்றுதான். தீர்ப்பு மட்டும் வேறு. அவனுக்கு அது விடுமுறை, அவளுக்கு முற்றுப்புள்ளி. இது நியாயமா என்று எண்ணிப் பார்க்கவே நாம் இங்கே கூடியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஓரிக்கையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் காஞ்சிபுரத்தின் மகள் துளசிமதி முருகேசன். 2002-ஆம் ஆண்டு பிறந்தவர். பிறவியிலேயே இடது கையில் குறை. பின்னர் நேர்ந்த விபத்து ஒன்றில் அந்தக் கையின் நரம்பு பாதிக்கப்பட்டு, தசை மெலிந்து, அசைவும் குறைந்தது. இப்படிப்பட்ட பிள்ளையை நம்மில் எத்தனை பேர் மட்டையைக் கொடுத்துத் திடலுக்கு அனுப்பியிருப்போம்? அவருடைய தந்தை அனுப்பினார். அனுப்பியதோடு நில்லாமல், தாமே பயிற்சியாளராகவும் நின்றார்.

இறகுப்பந்து ஒரு கையால் ஆடும் ஆட்டம்தானே, மற்றக் கையில் குறை இருந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆட்டத்தைத் தொடங்க சர்வீஸ் போடும்போது இறகுப்பந்தைப் பிடித்து விடுவது மட்டை பிடிக்காத கைதான். எம்பிக் குதித்து அடிக்கும்போது உடல் ஒரு பக்கம் சாயாமல் காப்பதும் அந்தக் கைதான். ஆகவே ஒரு கை தளர்ந்தால் முழு உடலும் ஆட்டத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

துளசிமதி அப்படிக் கற்றார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே பயிற்சியும் செய்தார். 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில், கையில் குறையுள்ளோர் நின்று ஆடும் பிரிவில், சீன வீராங்கனை யாங் சியுசியாவை வென்று தங்கம் பெற்றார். இரட்டையர் ஆட்டங்களில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் கிடைத்தன. மறு ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக் போட்டியில், 2024 செப்டம்பர் 2-ஆம் நாள், இறுதி ஆட்டத்தில் அதே யாங் சியுசியா எதிரில் நின்றார். இம்முறை 17-21, 10-21 என்று துளசிமதி தோற்றார். வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதே பிரிவில் வெண்கலம் வென்றவர் திருவள்ளூரைச் சேர்ந்த மனிஷா ராமதாஸ். பிறக்கும்போதே வலது தோள் நரம்பு பாதிக்கப்பட்டதால் இடது கையால் ஆடுகிறவர் அவர். அடுத்தடுத்த மாவட்டங்களின் இரண்டு பெண் பிள்ளைகள் ஒரே மேடையில் நின்றார்கள். 2024-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் இருவருக்கும் கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறோம். துளசிமதியின் கை முன்போல் ஆகிவிடவில்லை. கை சரியான பிறகு ஆடலாம் என்று அவர் காத்திருந்தால் இன்றைக்கும் காத்துக்கொண்டுதான் இருப்பார். இருப்பதைக் கொண்டு ஆடினார். தறி ஓட்டும் குடும்பங்கள் நம் பகுதியில் உண்டு. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை விட்டு எழுந்து போய்விடுகிறோமா? அறுந்ததை முடிந்து, மேலே நெய்கிறோம். சேலைக்குக் காட்டும் பொறுமையை மகளுக்குக் காட்டக் கூடாதா?

கூடைப்பந்திலும் ஒரு சான்று உண்டு. 1891-இல் அமெரிக்காவில் அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நேஸ்மித் இறையியல் கற்றவர். மறு ஆண்டே அங்குள்ள ஸ்மித் கல்லூரியில் மாணவிகள் அதை ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே, இது ஆண் பிள்ளைகளின் ஆட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. நம் சென்னையின் அனிதா பால்துரை 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடியவர். பத்தொன்பது வயதில் அணித் தலைவியானவர். குழந்தை பெற்ற பிறகு மீண்டும் பயிற்சி செய்து அணிக்குத் திரும்பினார். 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவுப் போட்டியில் கஜகஸ்தானை 75-73 என்று வென்ற அணியில் அவரும் இருந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தாயானதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் இளம் தாய்மார்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

அன்பர்களே, துணிவு ஒன்றே போதும் என்று நாம் சொல்ல வரவில்லை. அறிவும் வேண்டும். கூடைப்பந்து, கபடி, கோகோ ஆடும் பெண் பிள்ளைகளுக்குப் பெரிய பகை முழங்கால் ஜவ்வு கிழிதல். யாரும் இடிக்காமலே, குதித்து இறங்கும்போதோ ஓடி வந்து சட்டெனத் திரும்பும்போதோ அது கிழிந்துவிடும். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இது அதிகம் நேர்வதாக மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். முழுவதும் கிழிந்த ஜவ்வை எண்ணெய்க் கட்டு ஒட்ட வைக்காது. வீக்கம் வடிந்துவிட்டது, நடக்க முடிகிறது என்பதால் குணமாகிவிட்டது என்று எண்ணிவிடவும் கூடாது. எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். அறுவை செய்தால், அதன் பின் ஒன்பது மாதமாவது தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். அவசரப்பட்டு முன்னதாக இறங்குகிறவர்களுக்கு மறுபடியும் கிழியும் ஆபத்து மிகுதி. ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம், குதித்து மெதுவாக இறங்குதல், ஒற்றைக் காலில் நிற்றல், முழங்கால் உள்ளே மடங்காமல் உட்கார்ந்து எழுதல் ஆகியவற்றை ஒழுங்காகச் செய்துவந்தால் இந்தச் சேதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. இதற்குக் காசு செலவில்லை, ஒழுங்குதான் செலவு.

அந்த ஒன்பது மாதத்தில்தான் ஒரு பிள்ளையின் எதிர்காலம் முடிவாகிறது. வலி காலில் இருக்கும். ஆனால் அவளை வீட்டோடு முடக்குவது வாசலில் நின்று பேசும் பேச்சு. "இந்தக் காலை வைத்துக்கொண்டு இனி என்னத்துக்கு?" என்று அத்தையும் சொல்வார், பக்கத்து வீட்டாரும் சொல்வார்கள். நாள்தோறும் கேட்டால் அவளும் அதையே நம்பிவிடுவாள்.

ஆகவே பொன்விழா ஆண்டில் உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம். பெற்றோரே, அடிபட்ட மகளுக்கு மகனுக்குச் செய்யும் அதே மருத்துவத்தைத் தாமதமின்றிச் செய்யுங்கள். ஆட்டத்தை விடுவதா தொடர்வதா என்பதை அவள் குணமான பிறகு அவளோடு பேசி முடிவு செய்யுங்கள். இளைஞர்களே, கோயில் திடலை மாலையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளாமல், தங்கைகளுக்கும் நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். பெண் பிள்ளைகளே, உங்கள் தோழி ஒருத்தி கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தால் அவளை மறந்துவிடாதீர்கள். போய்ப் பாருங்கள். நடக்க முடிந்ததும் கையைப் பிடித்துத் திடலின் ஓரத்துக்கு அழைத்து வந்து, புள்ளிக் கணக்காவது எழுதச் சொல்லுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தவள் ஒருநாள் உள்ளே இறங்குவாள்.

இன்று பரிசு பெற்றவர்களுக்கு நம் பாராட்டுகள். பரிசு பெறாதவர்களுக்கும், இன்று ஆட முடியாமல் வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் நம் ஆசீர். அடுத்த ஆண்டு விளையாட்டு நாளில் அவர்கள் பெயரும் பட்டியலில் இருக்கட்டும்.