எண்ணிக்கைக்குள் அடங்காத தாக்கம்

பொதுச் சுகாதாரத் துறை ஆய்வாளர் ஒருவரின் பணியை மதிப்பிட முற்படும் பல்கலைக்கழகங்களும் நிதி வழங்கும் அமைப்புகளும் பெரும்பாலும் முதலில் பார்ப்பது, அவர் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்னும் இரண்டு கணக்குகளைத்தான். மேற்கோள் என்பது இங்கே, முன்னவர் ஒருவரின் ஆய்வைத் தாம் பயன்படுத்தியதைப் பின்னவர் தம் கட்டுரையில் முறைப்படி பதிவு செய்யும் கடன் குறிப்பாகும்.

இக்குறிப்புகளைத் திரட்டி அட்டவணையாக்கும் யோசனையை அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1955இல் 'சயன்ஸ்' இதழில் முன்வைத்து, 1960களில் அதை நடைமுறைக்கும் கொண்டுவந்தார். ஒரு கருத்து எந்தெந்தக் கட்டுரைகளின் வழியே வளர்ந்து வந்தது என்று தேடுவோருக்கு உதவுவதே அந்த அட்டவணையின் முதல் நோக்கமாக இருந்தது. ஆளுக்கு ஆள் மதிப்பெண் போடும் கருவியாக அது மாறியது பின்னால்தான். 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் வகுத்த எச்-குறியீட்டெண், கட்டுரைகளின் எண்ணிக்கையையும் மேற்கோள்களையும் ஒரே எண்ணுக்குள் அடக்கியது: ஒருவரின் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், அவருடைய எண் 20. ஒரே கட்டுரையால் ஒரு துறையின் போக்கையே மாற்றியவருக்கு அந்தக் கட்டுரை, ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும், இந்தக் கணக்கில் ஒன்றுக்கு மேல் சேர்ப்பதில்லை.

இக்கணக்குகளின் பயனையும் குறையையும் ஒருசேரக் காட்டுவது கொல்கத்தாவின் நோய்க்குறியியல் அறிஞர் சம்புநாத் தே அவர்களின் வாழ்வு. வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் 1915இல் பிறந்த அவர், வாந்திபேதி எனப்படும் காலரா உடலில் எவ்வாறு வேலை செய்கிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884இல் கொல்கத்தாவிலேயே அடையாளம் கண்டு, அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கக்கூடும் என்றும் கருதியிருந்தார்; ஆயினும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நஞ்சை ஒருவரும் ஐயமற நிறுவிக் காட்டவில்லை. விலங்குகளின் இரத்தத்திலோ வயிற்றறையிலோ கிருமியைச் செலுத்திப் பார்த்தவர்கள், நோய் நிகழும் இடமாகிய குடலின் உட்புறத்தைப் போதிய அளவு கவனிக்காததே இதற்கு ஒரு காரணம்.

சம்புநாத் கையாண்ட முறை எளிமையானது. மயக்கமூட்டப்பட்ட முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை மட்டும், வெட்டி எடுக்காமலேயே, இரு முனைகளிலும் நூலால் கட்டி, அந்த அறைக்குள் கிருமி வளர்ந்த திரவத்தை ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்து மூடினார். மறுநாள் திறந்து பார்த்தபோது, கட்டிய பகுதி நீர் கோத்துப் பருத்திருந்தது. உள்ளே தேங்கியிருந்தது, காலரா நோயாளிகளுக்குப் போவது போன்ற, அரிசி களைந்த தண்ணீரை ஒத்த நீர். 1953இல் இம்முறையை வெளியிட்ட அவர், 1959இல் கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய திரவத்தைச் செலுத்தியபோதும் குடல் அவ்வாறே பருத்ததை 'நேச்சர்' இதழில் அறிவித்தார். கிருமி இல்லாமலே நோயின் விளைவு தோன்றியதால், அது வெளியிடும் நச்சுப்பொருளே குடலை நீர் சொரியச் செய்கிறது என்பது உறுதியாயிற்று.

அக்கட்டுரை வெளிவந்தபோது உரிய கவனத்தைப் பெறவில்லை. நச்சுப்பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுக்கும் பணி 1960களின் இறுதியில் கைகூடியபோதுதான் அதன் முழு மதிப்பு விளங்கத் தொடங்கியது. 1959க்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகளில் விழுந்த மேற்கோள்களை மட்டும் கூட்டிப் பார்க்கும் எந்தக் குழுவும் அவரைச் சாதாரண ஆய்வாளர் என்றே எழுதி முடித்திருக்கும். இன்றைய மதிப்பீட்டு முறைகள் பலவும் அத்தகைய குறுகிய கால அளவையே நம்பியிருப்பது கவலைக்குரியது.

மேற்கோள் கணக்கில் அறவே ஏறாத தாக்கமும் உண்டு. 1971இல் வங்கதேச அகதிகள் எல்லையோர ஊரான பன்காவில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, இரத்தநாளம் வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோகும் நிலையில், மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த கரைசலை வாய்வழி குடிக்கக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அந்த அனுபவம் 1973இல் கட்டுரையாக வெளிவந்தது. இன்று சிற்றூரின் துணை சுகாதார நிலையத்தில் அத்தகைய கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வாங்கிச் சென்று குழந்தைக்குக் கரைத்துப் புகட்டும் தாய் எந்த ஆய்விதழிலும் மேற்கோள் குறிப்பு எழுதுவதில்லை. ஆகவே பொதுச் சுகாதார ஆய்வாளரை மதிப்பிடுவோர், எண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல், அவருடைய கட்டுரைகளில் இரண்டையாவது முழுமையாகப் படித்து, அவற்றால் நோயாளியின் படுக்கையருகே என்ன மாறியது என்று விசாரித்தறிவது கடமையாகும்.

சம்புநாத் 1985இல் காலமானார். மறு ஆண்டில், மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய அதே கார்ஃபீல்டு, காலரா ஆய்வின் மேற்கோள் வரலாற்றைத் தொகுத்து, அவருடைய 1959ஆம் ஆண்டுக் கட்டுரையின் பெருமையை உலகுக்கு எடுத்துக்காட்டினார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரை அப்பரிசுக்கே பரிந்துரைத்திருந்தார். இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் அவர் வாழ்ந்த காலத்தில் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை.