வாயில்லாப் பிள்ளைக்கும் வழக்குண்டு



உடுப்பு மாற்றவும் கழிப்பறை செல்லவும் பிறர் கையை நம்பியிருப்பவர்கள் மாற்றுத் திறனாளிப் பிள்ளைகள். அந்தக் கையே தவறு செய்தால்? மும்பையில் நம் பிள்ளை தமிழில் அழுதால் எத்தனை ஆயாக்களுக்குப் புரியும்?

சட்டம் இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தன் ஊழியர் செய்த குற்றத்தை மறைக்கும் நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறை. வாக்குமூலத்துக்கு மொழிபெயர்ப்பாளரும் சிறப்பாசிரியரும் துணைவரலாம். 2020ஆம் ஆண்டு விதிகள் ஊழியர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பும் பயிற்சியும் கேட்கின்றன.

பயிற்சி என்பது கையெழுத்து வாங்கும் கூட்டமா? அல்ல! திடீரென்று சோறு மறுக்கும், ஒருவரைக் கண்டு நடுங்கும் பிள்ளையை, 'அது அப்படித்தான்' என்று தள்ளாத பழக்கம். அது வேன் ஓட்டுநருக்கும் வேண்டும்.

பெற்றோரே, பள்ளியிடம் கேளுங்கள்: "கடைசிப் பயிற்சி எப்போது?" ஐயம் எழுந்தால் 1098ஐ அழையுங்கள்.