கடல் பிரித்த பங்காளிகள்



பிழைப்பின் பொருட்டு மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் நம்மிடம் குழந்தைகள் ஒரு கேள்வி கேட்பதுண்டு: “முகம் பாராத ஊர்க்காரர்கள் நமக்கு எப்படிச் சொந்தம்?” பொதுவான ஒரு பாட்டனாரைக் காட்டி நாம் விடையிறுக்கிறோம். உயிர்களின் பரிணாமமும் இத்தகைய வமிச வரலாறே. அதனை விளக்க ஒரு தவளை போதும்.

கேரளத்து இடுக்கி மலைப்பகுதியில் கிடைத்த அத்தவளையை 2003-ஆம் ஆண்டில் எஸ்.டி. பிஜு, ஃபிராங்கி பொசைட் என்னும் அறிஞர் இருவர் உலகுக்கு அறிவித்தனர். ஊதா நிறம், உப்பிய உடல், கூரிய மூக்கு. மண்ணுக்குள் வாழ்ந்து கறையானைத் தின்னும் இதனை மலையாளத்தில் பாதாளத் தவளை என்பர். ஆண்டில் சில நாட்களே, மழைக்காலத்தில், இனம் பெருக்க மேலே வருகிறது.

இதன் நெருங்கிய சுற்றம் அண்டை மலையில் இல்லை. மரபணுக்களை ஒப்பிட்டபோது, இந்துமாக்கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் வாழும் சிறு தவளைகளே அச்சுற்றம் எனத் தெரியவந்தது. தவளையின் மெல்லிய தோல் உப்புநீரைத் தாங்குவது அரிது. பின், கடலைக் கடந்தது எவ்வாறு? தவளை கடக்கவில்லை, நிலமே பிரிந்தது. ஒருகாலத்தில் இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலப்பரப்பாக இருந்தன. ஏறத்தாழ 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் அவை விலகின.

பிரிந்தோர் அவரவர் சூழலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். ஒவ்வொரு தலைமுறையிலும் பிறவியிலேயே சிறு வேறுபாடுகள் தோன்றும். சூழலுக்கு இசைந்த வேறுபாடு உடையவை மிகுதியாகப் பிழைத்துச் சந்ததி ஈன்றன. விரும்பி மாறிய தவளை ஒன்றும் இல்லை. இங்கு உள்ளது சுமார் 7 சென்டிமீட்டர் நீளம். இதன் தலைப்பிரட்டைகள் ஓடைநீரில் பாறையைப் பற்றி வளர்கின்றன. செஷல்ஸ் தவளைகளுள் ஒன்றோ 1 சென்டிமீட்டர் அளவே. அது முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாகவே வெளிவருகிறது.

கடல்தான் பிரிக்க வேண்டும் என்பதில்லை. 2017-இல், மலைத்தொடரின் கீழ்ச்சரிவில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் வாழும் தவளையை அறிஞர்கள் வேறோர் இனமாக விவரித்தனர். மேற்குச் சரிவில் உள்ளது தென்மேற்குப் பருவமழையில் இனம் பெருக்க, இது வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது.

‘குரங்கிலிருந்து மனிதன் வந்தானாம்’ என்று நகையாடிப் பரிணாமத்தை ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. செஷல்ஸ் தவளை பாதாளத் தவளைக்குத் தாயும் அன்று, மகளும் அன்று, பங்காளி. இன்றைய குரங்கும் மனிதனும் அவ்வாறே ஒரு பழம் மூதாதையின் இரு கிளைகள்.

அடுத்த முறை குழந்தைகள் சொந்தம் பற்றிக் கேட்கும்போது, பாட்டனாரோடு நிறுத்திவிடாமல், இந்தத் தவளை வரையிலும் சொல்லிவைப்போம்.