கடனாளி யார்? கடன்காரன் யார்?



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நாள்தோறும் வழங்கிவரும் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேச விழைகிறேன்.

"கடன்காரன் வாசலில் நிற்கிறான்" என்கிறோம். இங்கே கடன்காரன் பணம் கொடுத்தவன். "மகள் திருமணத்தால் கடன்காரன் ஆனேன்" என்கிறோம். இங்கே அவன் பணம் வாங்கியவன். ஒரே சொல்லுக்கு எதிரெதிரான இரு பொருள்! பேச்சில் இதனால் இடர் இல்லை. முகமும் குரலும் பொருளை உணர்த்திவிடும். ஆனால் இருவர் எழுதிக்கொண்ட சீட்டில், "செலவைக் கடன்காரன் ஏற்க வேண்டியது" என்றிருந்தால், ஏற்க வேண்டியவர் யார்? வழக்கு அங்கேதான் பிறக்கிறது. ஆதலால் எழுத்தில் வாங்கியவரைக் 'கடனாளி' என்றும், மற்றவரைக் 'கடன் கொடுத்தவர்' என்றும் குறிப்பதே முறை.

தொழிலாளி, முதலாளி என்பன போன்றே கடனாளியும் அமைந்தது. கடனை ஆள்பவர் என்று பொருள்படும். கடனன்றோ அவரை ஆள்கிறது என நீங்கள் நகைப்பது எனக்குத் தெரிகிறது!

கடன் என்பதன் பழம்பொருள் கடமை. புறநானூற்றில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர்தம் கடன்களைக் கூறுகையில் பணத்தைக் கருதவில்லை. காலைக்கடன், நேர்த்திக்கடன் என்னும் சொற்களில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. எனவே கடனாளி என்பதை வசைச்சொல்லாக வீசுவது தகாது. நம் முன்னோருள் பலர் கங்காணியிடம் முன்பணம் பெற்று, கப்பலேறும் முன்னரே கடனாளி ஆனவர்கள். முதலாளிமாரிடம் வரி தண்டித் தொழிலாளரின் பயணச் செலவை ஏற்கும் குடியேற்ற நிதி 1907ஆம் ஆண்டிலேதான் சட்டத்தின்வழி ஏற்பட்டது.

மலாய்மொழியில் இக்குழப்பம் இல்லை. வாங்கியவர் 'பெங்ஹுத்தாங்', கொடுத்தவர் 'பெமியுத்தாங்'. ஆயினும் கடன் பத்திரங்களில் வேறிரு சொற்கள் நம் செவிக்கு ஒன்றுபோல் ஒலிக்கின்றன. 'பெமிஞ்ஜாம்' என்பவர் கடன் வாங்குபவர். 'பெஞ்ஜாமின்' என்பவரோ பிணையாளி. நம் 'ஜாமீன்' என்னும் சொல்லோடு உறவுடையது அது; இரண்டும் அரபு வழி வந்தவை. பால்மரம் வெட்டும் நண்பர் அழைத்தார் என்று இரண்டாவது சொல்லின்கீழ்க் கையொப்பமிடுபவர், சாட்சி மட்டும் சொன்னதாக எண்ணிக்கொள்கிறார். நண்பர் செலுத்தத் தவறினாலோ, அக்கடன் இவரைத் தேடி வரும். ஒரு வெள்ளியும் வாங்காமலே கடனாளி ஆகும் வழி இதுவே. சாட்சிக்கு மலாயில் 'சக்சி' என்று பெயர். அச்சொல் தாளில் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

உரிமம் பெற்ற வட்டிக்கடைகளுக்கு 1951ஆம் ஆண்டின் வட்டித்தொழிற் சட்டம் உண்டு. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஈடு வைத்த கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடும், ஈடில்லாக் கடனுக்கு 18 விழுக்காடுமே உச்ச வட்டி. ஈடின்றி 1,000 வெள்ளி வாங்கினால், ஓராண்டு வட்டி 180 வெள்ளியைத் தாண்டலாகாது. ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். பணம் கைக்கு வருமுன் அதன் படியொன்று கடனாளியின் கைக்கு வந்திருத்தல் வேண்டும்.