விதை நம்ம கையில் இருக்கட்டும்!
(ஒரகடம் ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் வளர வளர நம்ம வயல் சுருங்கிவிட்டது. மிச்சமிருப்பது ஏரிப் பாசனத்தில் ஆளுக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர். இந்தத் துண்டு நிலத்தில் என்னத்த கிழிக்கப் போறீங்க என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். விதை நெல் விளைவிப்போம் என்கிறது நம் சங்கம்.

போன நவரைக்கு எங்களில் சிலர் ஒரு கடையில் விதை வாங்கி ஏமாந்தோம். ஒரே வயலில் பாதிக் கதிர் முற்றி நிற்குது, பாதி அப்பத்தான் பூக்குது. கலப்பு விதை! ரசீதும் இல்லை, அட்டையும் இல்லை. யாரிடம் நியாயம் கேட்பது? 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி வியாபாரி ரசீது கொடுத்தே ஆகணும். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. அறுவடை முடியும்வரை இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

நல்ல விதை நம்ம மண்ணுக்குப் புதுசா? திருவள்ளூர் பக்கம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த டி.கே.எம். 6 கடல் தாண்டி பிலிப்பைன்ஸ் போச்சு. அதைப் பெற்றோரில் ஒன்றாக வைத்துத்தான் ஐ.ஆர். 20 உருவானது.

செய்ய வேண்டியது இதுதான். முட்டை மிதக்கும் அளவுக்குத் தண்ணீரில் உப்பைக் கரைத்து விதையைக் கொட்டுங்கள். மிதக்கும் பதரைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். வேறு ரக வயலிலிருந்து 3 மீட்டர் இடைவெளி விடணும். பூக்கும்போதும் அறுப்புக்கு முன்பும் இறங்கிக் கலவன் பிடுங்கணும். காய்ந்த விதையில் ஈரம் 13 சதத்துக்கு மேல் கூடாது. முளைப்பு 80 சதத்துக்குக் குறையக் கூடாது.

அரை ஏக்கர்காரர் தனியாகப் போனால் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வண்டி வாடகையே கட்டுபடியாகாது. இடைவெளி விட்டே நிலம் போய்விடும். பத்துப் பேர் அடுத்தடுத்த வயலில் ஒரே ரகம், ஒரே நாளில் போட்டால் இரண்டு கஷ்டமும் தீரும். இதற்குத்தான் சங்கம்!

அரசைக் கேட்கிறோம்:

* ஆதார விதையை நாற்றுவிடும் பருவத்துக்கு முன்பே கொடு!
* விதை நெல் கொள்முதல் விலையை விதைக்கும் முன்பே அறிவி! பணத்தை 15 நாளில் பட்டுவாடா செய்!
* குத்தகை விவசாயியையும் விதைப் பண்ணையில் சேர்!
* ஏரிகளின் வரத்துக் கால்வாய்களை மீட்டுத் தூர்வாரு!

பட்டினி கிடந்தாலும் விதை நெல்லில் கை வைக்காத வம்சம் நாம். நிலத்தில் பாதி போச்சு. விதையையும் விட்டுவிட்டால் அப்புறம் நாம் விவசாயி இல்லை, வெறும் வாடிக்கையாளர். ஊருக்குப் பத்துப் பேர் இன்றே பெயர் கொடுங்கள்.

ஒன்றுபடுவோம்! விதையைக் காப்போம்!