பழைய சுவரும் புதிய முகப்பும்

(யூபிலி விழாக் கூட்டத்தில் கட்டிடக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



யூபிலி நினைவாக நம் பழைய பள்ளிக் கட்டிடத்தை இடித்துக் கட்டலாம் என்பார் சிலர். பளபளக்கும் தகடுகளால் சுவரை மூடிவிட்டால் போதும் என்பார் வேறு சிலர். இரு சாராரின் ஆர்வத்தையும் மதிக்கிறோம். ஆயினும் முடிவு செய்யுமுன் சிலவற்றை எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இடிக்காமலே ஒரு கட்டிடத்துக்குப் புதுவாழ்வு தரலாம். பிரான்சின் போர்தோ நகரில் 1960களில் எழுந்த மூன்று அடுக்குமாடிகளில் 530 வீடுகள். லகத்தோன், வஸ்ஸால் முதலிய கட்டிடக் கலைஞர்கள், முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பகுதிகளைப் பழைய சுவருக்கு வெளியே அடுக்கி, 3.8 மீட்டர் அகலத்தில் தாழ்வாரங்கள் அமைத்தனர். வேலை நடக்கையிலும் குடியிருந்தோர் வெளியேறவில்லை. 2019இல் அப்பணிக்கு மீஸ் வான் டெர் ரோஹே விருது கிடைத்தது.

மறுபக்கமும் உண்டு. லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்துக்கு 2016இல் புதுமுகப்புப் பொருத்தி முடித்தனர். அதன் அலுமினியத் தகடுகளின் நடுவே எளிதில் எரியும் பாலிஎதிலின் இருந்தது. 2017 ஜூன் 14 அன்று ஒரு வீட்டுச் சமையலறையில் பற்றிய தீ, அம்முகப்பின் வழியே உச்சிவரை ஏறிற்று. 72 பேர் மாண்டனர்.

நம் ஊருக்கு வருவோம். காவிரிக்கரை மண், வாழையும் வாய்க்காலும் சூழ்ந்த இடம். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய நம் சுவர்களில் ஓதம் ஏறும். வெயிலில் தானே உலரும். அதன்மேல் சிமெண்டையோ தகட்டையோ ஒட்டினால், ஈரம் உள்ளே தங்கிக் காரை உதிரும். 2012இல் தீக்கிரையான சேப்பாக்கம் கலச மஹாலைச் சீரமைத்தபோதும் சுண்ணாம்புக் காரையையே பயன்படுத்தினர்.

ஆகவே எங்கள் கருத்து இது. முதலில் கூரைக் கசிவையும் சுவரோரம் தேங்கும் நீரையும் நிறுத்துவோம். அடுத்து, சிமெண்டுப் பூச்சை உரித்துச் சுண்ணாம்பு பூசுவோம். மாலை வெயில் தாக்கும் மேற்குப் பக்கத்துக்கு மட்டும், சொந்த அடித்தளத்தில் நிற்கும் இரும்புச் சட்டம் எழுப்பி, எரியாத சுட்ட களிமண் பலகைகளை மாட்டுவோம். வெயில் பலகையில் படும். சூடான காற்று இடைவெளி வழியே மேலே போய்விடும். பழைய சுவருக்குப் பாரமும் இல்லை. பலகைகள் அளவுப்படி செய்து வருவதால் கோடை விடுமுறைக்குள் மாட்டிவிடலாம். ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

எந்தப் பலகை வாங்கினாலும் தீச்சோதனைச் சான்றிதழைக் கேட்டுப் பெறுவோம். செலவாகப்போவது உங்கள் உழைப்பின் காணிக்கை. அச்சுவர்களுக்குள் அமரப்போவது நம் பிள்ளைகள். சிந்தித்து முடிவு செய்யுமாறு கேட்டு அமைகிறோம்.